28 மீட்டர் தோட்ட ரயில் 90 மீட்டர் ஆகிறது: பவர் சப்ளை, பஸ் வயர், பூஸ்டர் எப்படி?

வளைவு_600

வணக்கம். லண்டன் புறநகரில் ஒரு ஜி அளவுத் (45 மிமீ அகலப் பாதை) தோட்ட மாடல் ரயில் லைனை நீட்டும் வேலை தொடங்குகிறது. இப்போது உள்ளது:

28 மீட்டர் ஒற்றைச் சுற்று. எல்ஜிபி பித்தளைத் தண்டவாளம், ஏறக்குறைய எல்லாமே 300 மிமீ துண்டுகள், கூடவே வரும் ஜாயினர் (துண்டுகளை இணைக்கும் உலோகப் பட்டை) மட்டும். கராஜில் 5 ஆம்பியர் டிசிசி நிலையம் (தண்டவாளம் வழியாக மின்சாரமும் டிஜிட்டல் கட்டளையும் அனுப்பும் பெட்டி), 24 வோல்ட் அடாப்டர், தண்டவாளத்துக்கு 20 வோல்ட். ஃபீடர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் ஏறும் இணைப்பு) ஒரே இடத்தில், 1.5 சதுர மிமீ வயர்.

சேர்க்கப்போவது: 45 மீட்டரில் வெளிச்சுற்று, நான்கு பாதை யார்டு (ரயில்களை நிறுத்தும் இடம்), ஒரு ரிவர்ஸ் லூப் (ரயில் சுற்றி வந்து, வந்த பாதையிலேயே திரும்பும் வளையம்). மொத்தம் 90 மீட்டருக்குப் பக்கம். கடைசி மூலை கராஜிலிருந்து வயர் போகும் வழியில் 40 மீட்டர். ஒரே நேரத்தில் 3 ரயில் ஓட வேண்டும், இரண்டில் விளக்குப் பெட்டிகள்.

இப்போதே எதிர்ப்பக்கம் போனால் இன்ஜின் வேகம் குறைகிறது, சவுண்ட் விட்டுவிட்டு வருகிறது. 10 ஆம்பியர் நிலையம் வாங்கினால் சரியாகிவிடுமா? வயர் எந்தத் தடிமன்? எத்தனை மீட்டருக்கு ஒரு ஃபீடர்?

ஓம்_கணக்கு

10 ஆம்பியர் நிலையம் இப்ப வேண்டாம். உங்க லைன்ல ஆம்பியர் குறையல, ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கு.

28 மீட்டர்ல 300 மிமீ துண்டுன்னா ஒரு பக்கத் தண்டவாளத்துல மட்டும் 93 ஜாயின்ட். ஃபீடருக்கு நேர் எதிர்ல இருக்கிற இடத்துக்குப் போக எந்த வழியா வந்தாலும் 47 ஜாயின்ட் தாண்டணும். ரெண்டு வழியும் இணையா இருக்கிறதால பாதியாகும். ஆனா கரன்ட் ஒரு தண்டவாளத்துல போய் இன்னொண்ணுல திரும்புது, அதனால மறுபடி ரெட்டிப்பு. மொத்தத்துல 47 ஜாயின்டோட ரெசிஸ்டன்ஸ் குறுக்க நிக்குது.

ஒரு ஜாயின்ட் 0.02 ஓம்னு வெச்சுக்கிட்டா 0.94 ஓம். 3 ஆம்பியர் இழுத்தா 2.8 வோல்ட் வழியிலயே போயிடும். அதுவே மழையும் மண்ணும் புகுந்து 0.1 ஓம் ஆயிட்டா 4.7 ஓம். இங்கதான் நிஜமான ஆபத்து இருக்கு. அந்த இடத்துல ஒரு பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனா 20 வோல்ட்டுக்கு 4.25 ஆம்பியர்தான் பாயும். உங்க நிலையம் 5 ஆம்பியருக்கு மேலதான் ட்ரிப் ஆகும் (தானா கட் ஆகும்). அதாவது ட்ரிப் ஆகவே ஆகாது. 85 வாட் சூடு ஜாயின்ட்டுலயும் சக்கரத்துலயும் இறங்கிக்கிட்டே இருக்கும். பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும், இன்ஜினோட பிக்கப் (சக்கரத்துலேருந்து கரன்ட் எடுக்கிற) வயர் கருகும்.

இதே லைன்ல 10 ஆம்பியர் நிலையத்தை மாட்டினா ட்ரிப் ஆக இன்னும் ரெட்டிப்பு கரன்ட் வேணும். நிலைமை மோசமாகும். பெரிய நிலையம் வாங்குறதுக்கு முன்னாடி பாதையோட ரெசிஸ்டன்ஸைக் குறைக்கணும். வரிசை அதுதான்.

6 ஃபீடர் போட்டுப் பாருங்க. 28 மீட்டர்ல 4.7 மீட்டருக்கு ஒண்ணு. எந்த இடமும் ஃபீடர்லேருந்து 8 ஜாயின்ட்டுக்கு மேல தள்ளி இருக்காது, ரெண்டு பக்கமும் கரன்ட் வரும். அதே கெட்டுப்போன 0.1 ஓம் ஜாயின்ட்டா இருந்தாலும் மொத்தம் 0.8 ஓம்தான். ஷார்ட் ஆன உடனே நிலையம் கட் ஆகும்.

பஸ் வயர் (எல்லா ஃபீடருக்கும் மின்சாரம் கொண்டுபோற முக்கிய ஜோடி) கணக்கு: செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 1.5 சதுர மிமீன்னா 12.1 மில்லி ஓம், 2.5ன்னா 7.4, 4ன்னா 4.6. 40 மீட்டர் தூரம்னா போக வர 80 மீட்டர். 5 ஆம்பியருக்கு 1.5ல 4.8 வோல்ட் இறங்கும், 2.5ல 3, 4ல 1.8. உங்க தூரத்துக்கு 4 சதுர மிமீ போடுங்க. பஸ்ஸிலேருந்து தண்டவாளத்துக்கு ஏறுற துண்டு வயர் அரை மீட்டர்தானே, அதுக்கு 1 சதுர மிமீ போதும்.

பித்தளைத்_தடம்

கணக்கு சரி. ஆனால் ஜாயின்ட்டைக் கவனிக்காமல் ஃபீடரை மட்டும் கூட்டினால் சில குளிர்காலங்களுக்குப் பிறகு இதே கேள்வி திரும்பி வரும்.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கிளாம்ப். ஹில்மேன், ஸ்பிளிட்ஜா, மசோத் போன்றவை விற்கின்றன. பழைய ஜாயினரைக் கழற்றிவிட்டு நேராகத் தண்டவாளத்தின் அடிப்பாகத்தைப் பிடிப்பது, ஜாயினருக்கு மேலேயே பூட்டுவது என இரண்டு வகை. முதல் வகை மேல். பூட்டுவதற்கு முன் தண்டவாளத்தின் அடியையும் பக்கவாட்டையும் 240 நம்பர் உப்புத்தாளால் மஞ்சள் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். மின் தொடர்புக்கான கிராஃபைட் பேஸ்ட் ஒரு மெல்லிய பூச்சு. ஸ்குரூ ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். சாதா இரும்பு ஒரே மழைக்காலத்தில் இறுகிவிடும், பிறகு ஆலன் கீ வழுக்கும்.

இரண்டாவது, ஜம்பர். ஜாயினரை அப்படியே விட்டு, இரண்டு துண்டுகளுக்கும் குறுக்கே 60 மிமீ நீள வளைந்த வயரைப் பற்றவைப்பது. செலவு குறைவு, உழைப்பு அதிகம். கோட் 332 தண்டவாளம் 8.4 மிமீ உயரமான கெட்டிப் பித்தளை. 40 வாட் சால்டரிங் இரும்பின் சூட்டை அது உறிஞ்சிவிடும், ஈயம் உருகி உருண்டையாக மேலே உட்காருமே தவிர ஒட்டாது. இழுத்தால் கையோடு வரும். 100 வாட்டுக்குக் குறையாத, பெரிய உளி முனை உள்ள இரும்பு வேண்டும். அடிப்பாகத்தின் வெளிவிளிம்பில், இரண்டு ஸ்லீப்பருக்கு நடுவே பற்றவையுங்கள். இருபக்கமும் ஈரத்துணி சுற்றிவிட்டு, சீக்கிரம் சூடேற்றி சீக்கிரம் எடுக்க வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால்தான் ஸ்லீப்பர் உருகுகிறது. ரோசின் ஃபிளக்ஸ் போதும். ஆசிட் ஃபிளக்ஸ் போட்டால் கழுவ மறந்த இடமெல்லாம் பச்சை பிடிக்கும்.

மூன்றாவது, துண்டுகளைக் குறைப்பது. 300 மிமீக்குப் பதில் 1200 மிமீ நேர் துண்டுகளும் 1.5 மீட்டர் நெகிழ் தண்டவாளமும் வாங்கினால் ஜாயின்ட் எண்ணிக்கை நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று இறங்கும். புதிய 45 மீட்டருக்கு இதையே பரிந்துரைப்பேன். 1968இல் எல்ஜிபி வந்தபோது வைத்த 45 மிமீ அகலம் இன்றும் அதேதான். அதனால் பழைய துண்டுகள் வாங்கியும் தாராளமாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு முனையையும் தேய்த்து எடுத்த பிறகு சேருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று அலுமினியத் தண்டவாளத்தைப் பித்தளையோடு நேராக மாட்டாதீர்கள். ஈரத்தில் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஜாயின்ட்டையும் கிளாம்பால் இறுக்கிவிட்டு, தடத்தைக் கான்கிரீட்டில் திருகி வைத்தால் வெயிலில் வளைந்துகொள்ளும். பித்தளை 10 மீட்டருக்கு 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய 7.6 மிமீ நீளும். ஜல்லியில் மிதந்தபடி கிடக்கும் தடத்தில் வளைவுகள் வெளிப்பக்கம் நகர்ந்து இதைத் தாங்கும். நீண்ட நேர்ப்பகுதியில் 5 மீட்டருக்கு ஒரு இடத்தில் கிளாம்ப் வேண்டாம். வழுக்கும் ஜாயினரும், குறுக்கே தொய்வான ஜம்பரும் போதும்.

வளைவு_600

இருவருக்கும் நன்றி. பழைய சுற்றுக்குக் கிளாம்பும் 6 ஃபீடரும், புதியதற்கு நீளத் துண்டுகள் என்று முடிவு. அடுத்த சந்தேகம்: மூன்று ரயிலுக்கு 5 ஆம்பியர் போதுமா?

ஓம்_கணக்கு

கூட்டிப் பாருங்க. ரெண்டு மோட்டார் உள்ள பெரிய இன்ஜின் ஏற்றத்துல இழுக்கும்போது 2 ஆம்பியர் வரை எடுக்கலாம். மூணுக்கு 6. பழைய பெட்டிகள்ல பல்பு இருந்தா பெட்டிக்கு 0.1, 0.2ன்னு ஏறும், 8 பெட்டின்னா ஒரு ஆம்பியருக்கு மேல. புகை யூனிட் தனி. எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர் பக்கம் வரும். முதல்ல பெட்டி பல்பை எல்இடிக்கு மாத்துங்க, அது மட்டுமே ஒரு ஆம்பியரை மிச்சப்படுத்தும்.

அதுக்கு மேல தேவைப்படுறதுக்கு ஒரே 10 ஆம்பியர் நிலையம் வாங்காம, இருக்கிற 5 ஆம்பியர் நிலையத்தோட ஒரு 5 ஆம்பியர் பூஸ்டர் (நிலையத்தோட சிக்னலை வாங்கித் தன் பகுதிக்குத் தனியா மின்சாரம் தர்ற பெட்டி) சேருங்க. 10 ஆம்பியர்ல 20 வோல்ட்டுன்னா 200 வாட் ஒரு மெல்லிய பிக்கப் தகட்டுல பாயத் தயாரா நிக்குது. ட்ரிப் ஆகிறதுக்குள்ள சக்கரத்துல குழி விழும். 5 ஆம்பியர்ல அந்தச் சேதம் கம்மி. ஒரு பக்கம் ஷார்ட் ஆனா மத்த ரயில் நிக்காம ஓடும், அதுவும் லாபம்.

லைனை மூணு வட்டாரமாப் பிரிங்க: பழைய சுற்று, வெளிச்சுற்று, யார்டும் லூப்பும். வட்டார எல்லையில ரெண்டு தண்டவாளத்துலயும் பிளாஸ்டிக் இன்சுலேட்டட் ஜாயினர். நிலையம் பழைய சுற்றுக்கு. புது பூஸ்டர் மத்த ரெண்டுக்கும், நடுவுல ஆளுக்கொரு எலெக்ட்ரானிக் பிரேக்கர்.

பூஸ்டருக்குத் தனி அடாப்டர் கட்டாயம். நிலையமும் பூஸ்டரும் ஒரே அடாப்டரைப் பகிர்ந்துக்கிட்டா, ரயில் எல்லையைத் தாண்டும்போது ரெண்டோட அவுட்புட்டும் சப்ளை வழியா மோதிக்கும். தயாரிப்பாளர் கையேட்டுல அனுமதிச்சிருந்தா ஒழிய செய்யாதீங்க. ரெண்டையும் இணைக்கிற காமன் வயர் போடணுமா வேண்டாமான்னும் அதே கையேட்டுலதான் பார்க்கணும், ஒவ்வொரு பூஸ்டருக்கும் அது வேற வேற.

ஃபேஸ் (ரெண்டு பக்க அலையும் ஒத்துப்போகுதான்னு) பார்க்க: எல்லையில ஒரே பக்கத் தண்டவாளத்தோட ரெண்டு முனையிலயும் மீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சுத் தொடுங்க. பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டினா சரி. முழு வோல்டேஜ் காட்டினா ஒரு பக்கம் வயர் மாறியிருக்கு, பூஸ்டர் அவுட்புட்டைத் திருப்பி மாட்டுங்க. காமன் வயர் இல்லாத பூஸ்டரா இருந்தா இந்த அளவு நம்பகமா வராது. அப்ப ஒரு பக்க எல்லையை வயரால இணைச்சிட்டு மறுபக்கத்தை அளங்க.

பேட்டரி_பாதை

வேறு ஒரு கோணமும் சொல்ல வேண்டும். 90 மீட்டருக்குக் கிளாம்ப், 4 சதுர மிமீ வயர், பூஸ்டர், பிரேக்கர் என்று கூட்டுகிற தொகைக்கு மூன்று இன்ஜினிலும் லித்தியம் அயான் பேட்டரியும் ரேடியோ ரிசீவரும் வைத்துவிடலாம். தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாம். இலை, பனி, நத்தை, ஆக்சைடு எதுவும் ரயிலை நிறுத்தாது. ரிவர்ஸ் லூப்புக்கு ஒரு வயர்கூடத் தேவையில்லை. லைன் 200 மீட்டர் ஆனாலும் மின் வேலை பூஜ்யம்.

5 செல் தொடர், 18.5 வோல்ட், 5.2 ஆம்பியர் மணி பேக் ஒன்று சராசரி 1.5 ஆம்பியர் இழுக்கும் இன்ஜினை ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஓட்டும். பேக்கில் பாதுகாப்புச் சர்க்யூட் கட்டாயம். பேக்கின் பாசிட்டிவ் வயரில், செல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே, 5 ஆம்பியர் ஃபியூஸ். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது; இங்கிலாந்துக் குளிரில் கராஜில் வைத்திருந்த பேக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து, சூடு பிடித்த பிறகு சார்ஜ் போடுங்கள்.

பித்தளைத்_தடம்

பேட்டரி நல்ல வழிதான், வயர் தோண்டாத புது லைனுக்கு முதல் தேர்வு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இவரிடம் டீகோடர் (டிசிசி கட்டளையைப் படிக்கும் சிறு பலகை) பொருத்திய இன்ஜின்கள் இருக்கின்றன. சின்ன இரண்டு அச்சு இன்ஜினில் பேக்குக்கு இடம் கிடையாது, பின்னால் ஒரு பெட்டியை நிரந்தரமாகப் பூட்ட வேண்டும். விளக்குப் பெட்டிக்கும் பேட்டரி, பாயின்ட்டுக்கும் (பாதை பிரியும் இடம்) தனி சப்ளை. இரண்டையும் கலக்கலாம்: மின்தடத்திலேயே பேட்டரி இன்ஜினும் ஓடும், சக்கரப் பிக்கப்பைத் துண்டித்துவிட்டால் போதும்.

ஹாரோ_வயரிங்

இதுவரைக்கும் 20 வோல்ட் பக்கம்தான் கதைச்சிருக்கிறியள். 230 வோல்ட் பக்கத்தையும் ஒருக்கா வடிவாப் பார்க்க வேணும்.

அடாப்டர் எல்லாம் கராஜுக்குள்ளேயே இருக்க வேணும். தோட்டத்துக்கு வெளியில போறது 24 வோல்ட்டுக்குக் கீழ மட்டும்தான். கராஜ் சாக்கெட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (கரன்ட் கசிஞ்சால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கோ எண்டு பாருங்கோ, டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கோ. தூரத்து மூலையில இரண்டாவது பூஸ்டரை வைக்கிறதுக்கு அங்கை மெயின்ஸ் கொண்டுபோக யோசிச்சால், அது புது சர்க்யூட். இங்கிலாந்தில அது கட்டட விதியில வாற வேலை. இரும்புக் கம்பிக் கவசம் போட்ட கேபிள், பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன், சான்றிதழ் எல்லாம் வேணும். எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்லுக்குள்ளால இழுத்து விடாதேங்கோ. இரண்டு பூஸ்டரையும் கராஜில வைச்சு 4 சதுர மிமீ வயர் இழுக்கிறது மலிவும் பாதுகாப்பும்.

அடாப்டரில 24 வோல்ட் 10 ஆம்பியர் எண்டு எழுதியிருந்தால், அது 240 வாட். ஷார்ட் ஆன மெல்லிய வயரைப் பத்த வைக்க அது காணும். பூஸ்டர் ட்ரிப் ஆகும்தானே எண்டு விடாதேங்கோ; அடாப்டருக்கும் பூஸ்டருக்கும் இடையில ஒரு கார் பிளேட் ஃபியூஸ், 7.5 ஆம்பியர். பாயின்ட் சப்ளைக்கு 3 ஆம்பியர்.

இடி வரேக்க பிளக்கைக் கழற்றினால் மட்டும் காணாது. 90 மீட்டர் பித்தளை நிலத்தில கிடக்குது, அது நிலையத்தோட தொடுத்திருக்குது. பஸ் வயருக்கு இரண்டு துருவமும் துண்டிக்கிற சுவிட்சோ, கையால கழற்றிற பிளக்கோ வையுங்கோ. ஓடாத நேரம் எல்லாம் கழற்றி விடுங்கோ.

ஓம்_கணக்கு

இதை யாரும் தவிர்க்காதீங்க. இன்னொண்ணு: பஸ் ரெண்டு வயரையும் முறுக்கி இழுங்க, மீட்டருக்கு பத்து முறுக்கு. டிசிசி சதுர அலை, 1 பிட்டுக்கு அரைப்பகுதி 58 மைக்ரோ செகண்ட்தான். நீளமான பஸ்ல ஷார்ட் கட் ஆகிற நொடியில வோல்டேஜ் எகிறும், டீகோடர் போகும். முறுக்கினா இண்டக்டன்ஸ் குறையும். கடைசி முனையில 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடரா ஒண்ணு போடுங்க. கெபாசிட்டர் 100 வோல்ட் தாங்கணும். ரெசிஸ்டர் கால் வாட் போட்டா கருகிடும்; 20 வோல்ட் டிசிசில அதுல 1.4 வாட் வரை சூடாகும். 3 வாட் போடுங்க.

பஸ்ஸை வளையமா மூடணுமான்னு கேட்பீங்க. மூட வேண்டாம். கராஜ்லேருந்து வட்டாரத்துக்கு ஒரு தனி ஜோடி, அங்கிருந்து ரெண்டு பக்கமும் கிளை.

பித்தளைத்_தடம்

வளையம் விஷயத்தில் நான் உடன்படவில்லை. 30, 40 மீட்டர் அளவில் வளையத்தால் சிக்னல் கெட்டதாகக் காட்டும் அளவீடு அரிது, வோல்டேஜ் டிராப்போ நிச்சயம் குறையும். தடமே வளையமாகத்தானே கிடக்கிறது?

ஓம்_கணக்கு

டிராப் குறையும்னு ஒத்துக்கறேன். நான் வேண்டாம்ங்கிறதுக்கு முக்கியக் காரணம் பழுது கண்டுபிடிக்கிறது. வளையத்துல ஒரு இடம் அறுந்தா தெரியாது, ரயில் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டாவது இடம் அறுந்தாதான் தெரியும், அப்ப எங்கன்னு தேடணும். கிளையில முதல் அறுப்பே தெரிஞ்சிடும்.

பித்தளைத்_தடம்

அந்தக் காரணத்துக்காக என்றால் சரி, அது வலுவான காரணம்.

ஹாரோ_வயரிங்

புதைக்கிறதைப் பற்றி. சாதாரண பிவிசி செம்பு வயரின்ரை முனையில ஈரம் பிடிச்சால், அது நாருக்குள்ளால மேல ஏறி அரை மீட்டருக்குச் செம்பு கறுத்துப் போகும். பிறகு வெட்டி வெட்டிப் போனாலும் பற்று ஈயம் ஒட்டாது. வெள்ளீயம் பூசின படகு வயர் வாங்குங்கோ, இல்லாட்டி ரப்பர் உறை போட்ட எச்07ஆர்என்-எஃப். வயர் நேராக மண்ணுக்குள்ள வேண்டாம், 50 மிமீ கறுப்பு மின் குழாய்க்குள்ள போகட்டும். நீலக் குழாய் பாவிக்காதேங்கோ, இங்கை அது தண்ணிக் குழாய் நிறம். பிறகு தோண்டுறவைக்குத் தெரியாமல் போகும்.

குழாய் மண்வெட்டி இறங்கிற ஆழத்துக்குக் கீழ, குறைஞ்சது 300 மிமீ. தாழ்வான இடத்தில அடியில ஒரு துளை, கீழ ஒரு வாளி ஜல்லி. குழாய்க்குள்ள தண்ணி வராமல் இருக்காது, வடிஞ்சு போக வேணும். ஒவ்வொரு குழாயுக்குள்ளயும் நைலோன் கயிறு ஒண்டை விட்டு வையுங்கோ. அடுத்த முறை லைனை நீட்டேக்க அந்தக் கயிற்றில புது வயரைக் கட்டி இழுக்கலாம், இன்னொரு கயிற்றையும் சேர்த்து இழுத்து விடுங்கோ.

ஜங்ஷன் பெட்டி ஐபி 66 (தூசி, தண்ணி புகாத தரம்) எண்டு எழுதியிருந்தாலும் உள்ளுக்குப் பனி பிடிக்கும். பகல் சூட்டில காற்று விரிஞ்சு வெளியேறும், இரவில ஈரக் காற்றை உள்ளுக்கு இழுக்கும். எல்லா வயரும் அடிப்பக்கத்தால நுழைய வேணும். அடியில 3 மிமீ துளை ஒண்டு போட்டு விடுங்கோ. உள்ளுக்கு லீவர் கனெக்டர் எண்டால் அதை ஜெல் பெட்டிக்குள்ள வையுங்கோ. இரும்பு ஸ்குரூ உள்ள மலிவான டெர்மினல் பிளாக் வேண்டாம். சிலிக்கோன் பூசிறதெண்டால் வினாகிரி மணக்கிற வகை செம்பை அரிக்கும். நியூட்ரல் எண்டு எழுதினதை வாங்குங்கோ.

வளைவு_600

யார்டும் ரிவர்ஸ் லூப்பும் மீதி. லூப் 600 மிமீ ஆரத்தில் ஒரு முழு வட்டம். ரயில் இன்ஜினோடு 2.6 மீட்டர்.

பித்தளைத்_தடம்

600 ஆரத்தின் சுற்றளவு 3.77 மீட்டர். பாயின்ட்டும் இரு எல்லை இன்சுலேட்டரும் போக உள்ளே மிஞ்சுவது 3.2 மீட்டர் போல. 2.6 மீட்டர் ரயில் நுழையும், ஆனால் ஒரு பெட்டி கூட்டினால் போதும், முதல் சக்கரம் வெளியேறும் எல்லையிலும் கடைசிச் சக்கரம் நுழையும் எல்லையிலும் ஒரே நேரத்தில் நிற்கும். விளக்குப் பெட்டிகளின் உலோகச் சக்கரமும் இதில் கணக்கு. இரண்டு எல்லையும் ஒரே நேரத்தில் இணைந்தால் துருவம் மாற்றும் எந்த மாட்யூலாலும் (லூப் முனையில் எதிரெதிர்த் தண்டவாளங்கள் சேர்ந்து ஷார்ட் ஆகாமல் இணைப்பைத் திருப்பிப் போடுவது) காப்பாற்ற முடியாது. இடம் இருந்தால் 1200 மிமீ ஆரத்துக்குப் போங்கள், 7.5 மீட்டர் கிடைக்கும். இடம் இல்லையென்றால் லூப்புக்கு முன்னாலுள்ள ஒற்றைப் பாதையையும் இன்சுலேட்டட் பகுதிக்குள் சேர்த்து, பாயின்ட்டோடு மொத்தமாகத் துருவம் மாற்றுங்கள்.

துருவம் மாற்றும் மாட்யூல் ஷார்ட்டைப் பார்த்து மாறுகிற வகையென்றால் அதன் ட்ரிப் அளவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். முதலில் மாட்யூல், பிறகு வட்டார பிரேக்கர், கடைசியில் பூஸ்டர். வரிசை மாறினால் ரயில் எல்லையில் நின்று பூஸ்டர் அணைந்து அணைந்து எரியும். அந்த வட்டாரத்துக்கு வயர் மெல்லியதாக இருந்தால் ஷார்ட் கரன்ட் போதாமல் மாட்யூல் மாறாது. மேலே சொன்ன கணக்குதான் இங்கேயும்.

பாயின்ட் டீகோடர்களுக்குத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். தவறான பாயின்ட்டில் ரயில் ஏறி ஷார்ட் ஆனால் தடம் அணையும், பாயின்ட்டைத் திருப்பவும் மின்சாரம் இருக்காது, மழையில் எழுந்து போய்க் கையால் திருப்ப வேண்டும். தனி 1.5 சதுர மிமீ ஜோடி, தனி சப்ளை. எல்ஜிபி பாயின்ட் மோட்டாருக்கு ஒரு கண இழுப்புத்தான், இந்தத் தடிமன் போதும்.

யார்டு நான்கு பாதைக்கும் தலா ஒரு சுவிட்ச். நிறுத்திய இன்ஜினின் சவுண்ட் டீகோடர் சும்மா நிற்கும்போதும் கரன்ட் எடுக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உயிர்ப்பித்தால் கீப்-அலைவ் கெபாசிட்டர்கள் (மின்சாரம் ஒரு கணம் விட்டாலும் டீகோடரை ஓட வைப்பவை) ஒன்றாகச் சார்ஜாகி பிரேக்கரைத் தட்டும்.

ஓம்_கணக்கு

முடிச்சதும் சோதனை. வெறும் மீட்டரை வெச்சு 20 வோல்ட் காட்டுதுன்னு திருப்திப்படாதீங்க. சுமை இல்லாம எந்தக் கெட்ட ஜாயின்ட்டும் 20தான் காட்டும். சாதா மீட்டர் சைன் அலைக்குக் கணக்கிடுறது, டிசிசி சதுர அலையைத் தப்பாவும் காட்டும். ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டு டிசில அளங்க, வர்றதோட 1.4 கூட்டிக்கோங்க.

சுமைக்கு கார் பிரேக் லைட் பல்பு, 12 வோல்ட் 21 வாட், ரெண்டைத் தொடரா மாட்டி ரெண்டு கிளிப் வெச்சுக்கோங்க. 20 வோல்ட்டுல 1.6 ஆம்பியர் கிட்ட இழுக்கும். ஃபீடர்கிட்ட ஒரு அளவு, ரெண்டு ஃபீடருக்கு நடுவுல ஒரு அளவு. அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா அந்தத் துண்டுல ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் குறுக்க மீட்டரை வெச்சுப் பாருங்க, குற்றவாளி தானா காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் நாணயச் சோதனை. 2 மீட்டருக்கு ஒரு இடத்துல ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க கிளிப் வயரோட ஒரு நாணயத்தை வெச்சு அழுத்துங்க. உடனே ட்ரிப் ஆகணும். ஒரே ஒரு இடத்துல தயங்கினாலும் அங்க ரயிலை விடாதீங்க, ஃபீடர் சேருங்க. இலையுதிர் காலம் முடிஞ்சதும் வருஷா வருஷம் இதைச் செய்யணும்.

வளைவு_600

இறுதித் திட்டம்: கராஜில் நிலையமும் 5 ஆம்பியர் பூஸ்டரும், தனித்தனி 24 வோல்ட் அடாப்டர், தலா 7.5 ஆம்பியர் ஃபியூஸ். 50 மிமீ கறுப்புக் குழாயில் மூன்று ஜோடி 4 சதுர மிமீ வயர், ஒரு ஜோடி 1.5, கூடவே இழுகயிறு. மூன்று வட்டாரம். பழைய சுற்றுக்கு 6 ஃபீடர், வெளிச்சுற்றுக்கு 1200 மிமீ துண்டுகளோடு 8, யார்டில் பாதைக்கு ஒன்று. லூப்பின் ஒற்றைப் பாதையும் சேர்த்து இன்சுலேட் செய்கிறேன். தடத்துக்குப் பழுப்பும் நீலமும், பாயின்ட்டுக்குச் சிவப்பும் கறுப்பும் வாங்கலாமென்று இருக்கிறேன், மிச்சம் வயர் கையில் இருக்கிறது.

ஹாரோ_வயரிங்

தம்பி, நிறத்தை மட்டும் மாத்துங்கோ. பழுப்பும் நீலமும் இங்கை மெயின்ஸ் நிறம். வீடு கை மாறினாலோ, வேறை ஆள் அந்தப் பெட்டியைத் திறந்தாலோ, எது 230 எது 20 எண்டு தெரியாமல் நிற்கக் கூடாது. தடத்துக்குச் சிவப்பும் கறுப்பும், பாயின்ட்டுக்கு மஞ்சளும் வெள்ளையும். வேலிப் பக்கத் தண்டவாளம் எப்பவும் சிவப்பு எண்டு முடிவு எடுத்து, கராஜ் டெர்மினலிலயும் ஒவ்வொரு பெட்டி மூடிக்கு உள்பக்கமும் எழுதி ஒட்டுங்கோ. மற்றதெல்லாம் சரி, கிடங்கு வெட்டத் தொடங்கலாம்.